பழைய காருக்கு வீட்டிலேயே டர்போ பொருத்தலாமா? இன்ஜினுக்குள் நடப்பது என்ன, சட்டம் சொல்வது என்ன? முழு விளக்கம்

யூடியூப், இன்ஸ்டாகிராம் பக்கம் போனாலே ஒரு சத்தம் காதில் விழுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்து விட்டதும் 'ப்ஸ்ஷ்ஷ்' என்று காற்று சீறும் சத்தம். 15 வருஷப் பழைய ஹேட்ச்பேக் காரில் டர்போ பொருத்தி, பெரிய கார்களை ஓவர்டேக் செய்யும் ரீல்ஸ்களுக்கு லைக் குவிகிறது. கமெண்ட்டில் வரும் கேள்விகளும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: 'எவ்ளோ செலவு ப்ரோ?', 'போலீஸ் பிடிக்க மாட்டாங்களா?', 'இன்ஜின் தாங்குமா?'

மூன்றுமே நியாயமான கேள்விகள். ஆனால் 30 விநாடி வீடியோவில் அதற்குப் பதில் கிடைக்காது. டர்போ எப்படி வேலை செய்கிறது, வீட்டு கராஜிலோ தெருமுனைப் பட்டறையிலோ அதைப் பொருத்தும்போது என்னென்ன மாற வேண்டும், எங்கே தவறு நடக்கிறது, இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டர்போ என்றால் என்ன?

கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொண்டால் போதும். அடுப்பில் கரி எவ்வளவு இருந்தாலும், காற்று ஊதினால்தான் நெருப்பு பெருகும். இன்ஜினும் அப்படித்தான். பெட்ரோலை அதிகமாகக் கொட்டினால் மட்டும் சக்தி கூடாது. அதை எரிக்கும் அளவுக்குக் காற்றும் உள்ளே போக வேண்டும். சாதாரண இன்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது உறிஞ்சுகிற காற்று மட்டும்தான் கிடைக்கும்.

டர்போ என்பது அந்தத் துருத்தி. இதில் ஊதுவதற்குத் தனியாக ஆள் வேண்டாம். சைலன்சர் வழியாக வீணாக வெளியேறும் சூடான புகையே ஒரு பக்கத்தில் இருக்கும் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, இன்ஜினுக்குள் தள்ளும். வீட்டு சீலிங் ஃபேன் நிமிடத்துக்குச் சுமார் 350 முறை சுற்றுகிறது. கார் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுகளைச் சாதாரணமாகத் தாண்டும். சின்ன டர்போக்கள் 2 லட்சத்தையும் தாண்டும். அதுவும் ஒரு பக்கம் 800, 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும்போது!

இந்த யோசனை புதிதும் இல்லை. சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். முதலில் கப்பல், ரயில், விமானம் எனப் பெரிய இன்ஜின்களில்தான் பயன்பட்டது. பொதுமக்கள் வாங்கும் கார்களுக்கு வந்தது 1962-ல், அமெரிக்காவில்.

ஏன் இப்போது இந்த ஆசை?

இதற்கு ஷோரூம்களும் ஒரு காரணம், வரியும் ஒரு காரணம். 2006 பட்ஜெட்டில் மத்திய அரசு சின்ன கார்களுக்கு வரிச்சலுகை கொடுத்தது. 4 மீட்டருக்குள் நீளம் இருக்க வேண்டும். பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசிக்கு மிகாமல் இன்ஜின் இருக்க வேண்டும். இந்தக் கோடு இன்றைக்கும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. 2025 செப்டம்பர் 22-ல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்திலும் இந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கும் கார்களுக்கு 18 சதவீதம், வெளியே இருப்பவற்றுக்கு 40 சதவீதம்.

இன்ஜின் அளவைக் கூட்ட முடியாது, ஆனால் சக்தி வேண்டும். கம்பெனிகளுக்கு இருந்த எளிய வழி டர்போதான். ஹூண்டாய் வென்யூவையே எடுத்துக்கொள்ளலாம். அதே காரில் 1197 சிசி சாதாரண இன்ஜின் 83 பிஎஸ் சக்தி கொடுத்தது. அதைவிடச் சின்னதான 998 சிசி டர்போ இன்ஜின் 120 பிஎஸ் கொடுத்தது. இழுவை சக்தியான டார்க் 114 என்எம்-மில் இருந்து 172 என்எம்-முக்குப் போனது.

'சின்ன இன்ஜினே இவ்வளவு கொடுக்குதுன்னா, என் பழைய காரிலும் ஒரு டர்போவைப் போட்டா என்ன?' என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. சென்னை புதுப்பேட்டை, டெல்லி மாயாபுரி மாதிரியான பழைய உதிரிபாகச் சந்தைகளில் டர்போ தேடுபவர்களின் கணக்கும் இதுதான்.

ஆனால் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. அந்த 998 சிசி இன்ஜின் டர்போவுக்காகவே வடிவமைக்கப்பட்டது. பிஸ்டன், கூலிங், எரிபொருள் தெளிப்பு, கிளட்ச், கியர்பாக்ஸ் என்று எல்லாமே அதற்கேற்பக் கணக்கிடப்பட்டவை. வீட்டில் செய்யும்போது அந்தக் கணக்கை நாமே போட வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

நம்மைச் சுற்றி இருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 1 பார். டர்போ அதன் மேல் இன்னும் 0.5 பார், அதாவது பட்டறை மொழியில் '7 பிஎஸ்ஐ பூஸ்ட்' கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் ஒன்றரை மடங்கு. அப்படியானால் சக்தியும் ஒன்றரை மடங்கா?

இல்லை. காற்றை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிள் பம்ப்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பகுதி சுடுவது இதனால்தான். சென்னையில் 35 டிகிரி வெயிலில் உள்ளே இழுக்கப்படும் காற்று, 70 சதவீதத் திறனுள்ள டர்போவில் 0.5 பார் அழுத்தப்பட்டு வெளியே வரும்போது ஏறக்குறைய 90 டிகிரி ஆகிவிடும். சூடான காற்று விரிந்திருக்கும். அதே இடத்தில் குறைவாகத்தான் அடங்கும். அதனால் உண்மையில் உள்ளே போகும் காற்று 1.5 மடங்கு ஆகாது, சுமார் 1.28 மடங்குதான்.

இங்கேதான் இன்டர்கூலர் தேவைப்படுகிறது. ரேடியேட்டர் மாதிரியே காரின் முன்பக்கம் வைக்கப்படும் இது, அந்தக் காற்றை 50 டிகிரிக்குக் குளிர்வித்தால் கணக்கு 1.43 மடங்குக்கு ஏறுகிறது. 83 பிஎஸ் இன்ஜின் என்றால், இன்டர்கூலர் இல்லாமல் காகிதக் கணக்குப்படி சுமார் 106. இன்டர்கூலருடன் சுமார் 118. டர்போ தானே உண்டாக்கும் தடை, உராய்வு எல்லாம் போக உண்மையில் கிடைப்பது இதைவிடக் கொஞ்சம் குறையும். 'இடம் இல்லை, இன்டர்கூலர் பிறகு போட்டுக்கலாம்' என்று சொல்பவர்கள் இழப்பது இந்த சக்தியை மட்டும் இல்லை. அந்தச் சூடு அடுத்த பெரிய ஆபத்துக்கும் கதவைத் திறக்கிறது.

இன்ஜினைக் கொல்லும் 'நாக்கிங்'

பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுத்த பிறகு, நெருப்பு சீராகப் பரவ வேண்டும். உள்ளே அழுத்தமும் சூடும் எல்லை மீறினால், நெருப்பு போய்ச் சேருவதற்கு முன்பே மீதி இருக்கும் கலவை தானாக வெடித்துவிடும். இதற்குப் பெயர் நாக்கிங். டின்னுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவது மாதிரி சத்தம் வரும். சாதாரண காரில் மேடு ஏறும்போது லேசாக வந்து போகலாம். ஆனால் டர்போ பூஸ்ட்டில் வந்தால் சில விநாடிகளே போதும். பிஸ்டன் ஓரம் உடையும், ரிங் நொறுங்கும், ஹெட் கேஸ்கட் போகும்.

இதில் முக்கியமான எண் 'கம்ப்ரஷன் ரேஷியோ'. பிஸ்டன் மேலே வரும்போது காற்றை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்பதே இது. இன்றைய டர்போ இல்லாத பெட்ரோல் கார்களில் மைலேஜுக்காக இதை 10, 11, சிலவற்றில் 12 வரைகூட வைத்திருக்கிறார்கள். டர்போவுக்கென்றே வரும் பழைய பாணி இன்ஜின்களில் இது 8.5 முதல் 9.5-க்குள் இருக்கும். ஏற்கெனவே நன்றாக நசுக்கும் இன்ஜினுக்குள், ஏற்கெனவே அழுத்தப்பட்ட காற்றைத் தள்ளினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு வரலாற்றிலேயே ஒரு பாடம் உண்டு. 1962-ல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் 'ஜெட்ஃபயர்' என்ற டர்போ காரை விற்றது. 3.5 லிட்டர் அலுமினிய வி8 இன்ஜின், 215 குதிரைத்திறன். கம்ப்ரஷன் ரேஷியோவைக் குறைக்காமல் 10.25-லேயே வைத்துவிட்டார்கள். நாக்கிங்கைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை இன்ஜினுக்குள் தெளிக்கும் ஏற்பாடு செய்தார்கள். அதற்கு 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்று பெயரும் வைத்தார்கள். ஆனால் வாங்கியவர்களில் பலர் அந்தத் தொட்டியை நிரப்பவே இல்லை. காலியானால் பூஸ்ட்டைக் குறைக்கும் பாதுகாப்பு இருந்தும் புகார்கள் ஓயவில்லை. இரண்டே வருடத்தில் கார் நிறுத்தப்பட்டது. பிறகு வாடிக்கையாளர்களின் கார்களில் இருந்து டர்போவையே கழற்றி, சாதாரண கார்புரேட்டர் மாட்டிக்கொடுக்கும் நிலை வந்தது. அன்றைக்கு உலகின் மிகப் பெரிய கார் நிறுவனமாக இருந்த ஜெனரல் மோட்டார்ஸின் பொறியாளர்கள் செய்த வேலையின் கதையே இது.

என்னென்ன மாற வேண்டும்?

'டர்போ மாட்டிட்டேன்' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். பட்டியல் என்னவோ நீளமானது.

1. முதலில் இன்ஜின் பரிசோதனை: எல்லா சிலிண்டரிலும் அழுத்தம் சமமாக இருக்கிறதா என்று கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்க வேண்டும். ஏற்கெனவே ஆயில் குடிக்கும் இன்ஜினில் டர்போ வைப்பது பணத்தை எரிப்பதற்குச் சமம்.

2. சரியான அளவு டர்போ: பெரியது வைத்தால் இன்ஜின் வேகம் ஏறும் வரை எதுவும் நடக்காது, பிறகு ஒரேயடியாக இழுக்கும். ரொம்பச் சின்னது வைத்தால் மேல் வேகத்தில் மூச்சு முட்டும். பழைய டீசல் காரின் டர்போ மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்கள் உண்டு. பெட்ரோல் இன்ஜின் புகை டீசலைவிடச் சூடானது. குறிப்பாக, உள்ளே அசையும் இதழ்கள் கொண்ட டீசல் டர்போக்களில் பெரும்பாலானவை அந்தச் சூட்டுக்காகச் செய்யப்பட்டவை கிடையாது.

3. மேனிஃபோல்டு: இன்ஜினில் இருந்து டர்போவுக்குப் புகையைக் கொண்டுபோகும் குழாய். கனமான டர்போவைத் தாங்க வேண்டும், சிவக்கும் சூட்டையும் தாங்க வேண்டும். லேத் பட்டறையில் வெல்டு செய்த மேனிஃபோல்டு விரிசல் விடுவது ரொம்பச் சாதாரணம். புதிய கார்கள் சிலவற்றில் இந்த மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது; அங்கே வேலை இன்னும் சிக்கல்.

4. ஆயில், கூலன்ட் வழிகள்: லட்சம் சுற்று சுற்றும் தண்டு ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. இன்ஜினில் இருந்து ஆயில் போக ஒரு குழாய், திரும்பி வர ஒரு குழாய் வேண்டும். திரும்பும் ஆயிலைத் தள்ள அழுத்தம் இருக்காது. தன் எடையால்தான் வழிந்து சம்ப்புக்குப் போக வேண்டும். அந்தக் குழாய் குறுகலாகவோ வளைந்தோ இருந்தால், ஆயில் தேங்கி டர்போ சீல் வழியாகக் கசியும். சைலன்சரில் நீலப் புகை வந்ததும் 'டர்போ போச்சு' என்று கழற்றுவார்கள். பல நேரம் குற்றவாளி குழாய்தான்.

5. எரிபொருள்: காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். 6000 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டரின் முழுச் சுழற்சிக்குக் கிடைப்பது 20 மில்லி விநாடி. இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்தாலும் அதைத் தாண்ட முடியாது. நடைமுறையில் அதில் 80, 85 சதவீதத்தோடு நிறுத்துவதே பாதுகாப்பு. அதற்கு மேல் பெட்ரோல் வேண்டுமென்றால் பெரிய இன்ஜெக்டர், பெரிய பம்ப்.

6. சென்சாரும் இசியுவும்: டர்போ இல்லாத காரின் காற்றழுத்த சென்சார் வெளிக்காற்றின் அளவு வரைக்கும்தான் அளக்கும். பூஸ்ட் வந்தால் அதற்குக் கண் தெரியாது. காரின் கணினியான இசியு, காற்று கூடியது தெரியாமலேயே பழைய அளவு பெட்ரோலைத் தெளிக்கும். அதனால் புதிய சென்சார் வேண்டும். ஒரிஜினல் இசியுவை ரீமேப் செய்ய வேண்டும் அல்லது தனி இசியு வைக்க வேண்டும். மெகாஸ்கர்ட், திறந்த மூலத் திட்டமான ஸ்பீடுயினோ போன்றவை வீட்டில் செய்பவர்களிடையே உலகம் முழுக்கப் பிரபலம்.

7. வேஸ்ட்கேட்: பூஸ்ட் எல்லை தாண்டாமல், புகையின் ஒரு பகுதியை டர்போவுக்கு வெளியே திருப்பிவிடும் கதவு. இதை இயக்குவது ஒரு சின்ன ரப்பர் ஹோஸ். அது கழன்றால் பூஸ்ட் கட்டுக்கடங்காமல் ஏறும்.

8. கிளட்ச், பிரேக், டயர்: சக்தி மட்டும் கூடி நிறுத்தும் திறன் கூடாவிட்டால் என்ன ஆகும்? 80 கிலோமீட்டர் வேகத்தை 100 ஆக்கினால், பிரேக் கரைக்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. ரீல்ஸ்களில் கண்ணில் படாத பகுதி இதுதான்.

இதையெல்லாம் சேர்த்துக் கூட்டினால், பழைய காரின் மறுவிற்பனை விலையையே செலவு தாண்டிவிடுவது ஆச்சரியம் இல்லை.

எங்கே தப்பு நடக்கிறது?

பொருத்துவது பாதி வேலை. மீதி பாதி டியூனிங். பெட்ரோல் முழுதாக எரிய 1 கிராமுக்கு 14.7 கிராம் காற்று வேண்டும். ஆனால் முழு பூஸ்ட்டில் ஓடும்போது இதை 11.5, 12 அளவுக்குக் கொண்டுவருவார்கள். கூடுதல் பெட்ரோல் உள்ளே இருக்கும் சூட்டைத் தணிக்கும். கூடவே ஸ்பார்க் பிளக் பொறி கொடுக்கும் நேரத்தையும் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும். இதை அளக்க வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் வேண்டும். காரை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டும் டைனோ வேண்டும்.

இந்த இடத்தில் மிச்சம் பிடிப்பவர்கள்தான் இன்ஜினை இழக்கிறார்கள். 'ரோட்டிலேயே ஓட்டிப் பார்த்து டியூன் பண்ணிக்கலாம்' என்றால், முழு ஆக்சிலரேட்டரில் ஓடும் காரில் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். பொதுச் சாலையில் அது மற்றவர்களின் உயிரோடு விளையாட்டு.

தீ ஆபத்தும் சும்மா சொல்லப்படுவது இல்லை. சிவக்கச் சூடான டர்போவுக்குப் பக்கத்திலேயே ஆயில் குழாய் போகிறது. தரமில்லாத ரப்பர் குழாய் ஒன்று போதும்.

வெற்றி பெற்ற உதாரணம் இல்லையா?

இருக்கிறது. உலக அளவில் வீட்டு டர்போ மாற்றத்துக்குப் பேர்போன கார்களில் ஒன்று ஜப்பானின் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-ல் வந்த முதல் தலைமுறையில் 1.6 லிட்டர் இன்ஜின், சுமார் 116 குதிரைத்திறன். கம்ப்ரஷன் ரேஷியோ 9.4 மட்டுமே. இதே குடும்ப இன்ஜினை மாஸ்டா தன் 323 காரில் டர்போவோடும் விற்றிருந்தது. அதாவது அடித்தளம் ஏற்கெனவே பலமானது. இரும்பு பிளாக், பானெட்டுக்குள் டர்போ வைக்க இடம், எளிய எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் சேர்ந்து, அந்தக் காருக்கு ரெடிமேட் டர்போ கிட் சந்தையே உருவானது. லட்சக்கணக்கில் விற்ற கார் என்பதால், எந்த பாகம் எந்த அளவில் உடையும் என்பதும் வருடக்கணக்கான அனுபவத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோனது.

அந்தக் காருக்கே மாஸ்டா 2004-ல் அமெரிக்காவில் 'மாஸ்டாஸ்பீட்' என்ற பெயரில் டர்போ வடிவத்தை விற்றபோது கொடுத்தது 178 குதிரைத்திறன். சாதாரண 1.8 லிட்டர் மாடலைவிட 36 மட்டுமே கூடுதல். அதற்கே கிளட்ச் உள்ளிட்ட பாகங்களை வலுப்படுத்தினார்கள். உரிமையாளர்கள் பலர் 'இது போதாது' என்று சலித்துக்கொண்ட அந்த அடக்கம்தான், கம்பெனியின் வாரண்டிக் கணக்கு.

இ20 பெட்ரோல் எப்படிக் கணக்கை மாற்றுகிறது?

நாட்டில் 20 சதவீத எத்தனால் கலப்பு இலக்கு, முதலில் சொன்ன 2030-க்குப் பதிலாக 2025-லேயே எட்டப்பட்டது. டர்போவைப் பொறுத்தவரை இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு.

நல்லது: எத்தனால் நாக்கிங்கை எதிர்க்கும். பிஎஸ்-6 பெட்ரோலின் குறைந்தபட்ச ஆக்டேன் 91. இ20-ன் ஆக்டேன் 95 என்கிறது மத்திய அரசு. அது ஆவியாகும்போது காற்றைக் கூடுதலாகக் குளிர்விக்கவும் செய்யும்.

கெட்டது: எத்தனால் எரிய காற்று குறைவாகப் போதும். அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். 14.7 என்ற எண் இ20-க்குச் சுமார் 13.5 ஆகிறது. ஏற்கெனவே எல்லையில் ஓடும் இன்ஜெக்டருக்கு இது கூடுதல் சுமை. 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு டியூன் செய்துவிட்டு, நெடுஞ்சாலையில் கிடைக்கிற பங்க்கில் சாதாரண பெட்ரோல் போட்டால் கணக்கு மாறிவிடும். சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்கள், கேஸ்கட்களை மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. டர்போ பொருத்த ஆசைப்படுவதும் பெரும்பாலும் அந்தப் பழைய வண்டிகளைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 'சவுண்டு இல்லாம செஞ்சா பிரச்சினை இல்லை', 'ஆர்சி-யில் எழுதிக்கலாம்' என்று பட்டறைகளில் சொல்லப்படுவது உண்டு.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைப் பற்றியது. உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களில் இருந்து, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரி மாதிரி வேறு எரிபொருளுக்கு மாற்றும் அங்கீகரிக்கப்பட்ட கிட்களுக்கு நிபந்தனையோடு வழி விடப்பட்டிருக்கிறது. அதே பெட்ரோலில் கூடுதல் சக்திக்காக டர்போ வைப்பது அந்த விலக்குக்குள் வராது.

2019 ஜனவரி 9-ல் உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு, கேரளாவில் இருந்து வந்த வழக்கில் இதை இன்னும் இறுக்கமாக்கியது. வாகனம் உற்பத்தியாளரின் அசல் விவரங்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம் தண்டனையையும் தெளிவாக்கியது. 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். டர்போ, சைலன்சர் எனத் தனித்தனியாக எண்ண முடியும். டீலரே இப்படி மாற்றிக் கொடுத்தால் வாகனத்துக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம், ஓராண்டு வரை சிறை.

மாசு விஷயமும் இருக்கிறது. இன்றைய கார்களில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பெரும்பாலும் இன்ஜினை ஒட்டியே இருக்கிறது. டர்போ உட்கார வேண்டிய இடமும் அதுதான். அதனால் கன்வெர்ட்டர் தள்ளி வைக்கப்படும், பல நேரம் தூக்கியே எறியப்படும். பெட்ரோல் பங்க் ஓரத்தில் எடுக்கும் மாசுச் சான்றிதழ், நின்றுகொண்டிருக்கும் காரின் புகையைத்தான் அளக்கிறது. அதில் பாஸ் ஆனது, மாற்றம் சட்டப்படி சரி என்பதற்கான சான்று ஆகாது.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பாலிசி எடுக்கும்போது சொன்ன வாகனம் ஒன்று, விபத்தில் சிக்கியது வேறொன்று என்றால் நிறுவனம் கேள்வி கேட்கும். முக்கியமான மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டியது பாலிசிதாரரின் கடமை. சிஎன்ஜி கிட் பொருத்தினால் ஆர்சி-யிலும் பாலிசியிலும் பதிவு செய்வது இதனால்தான். டர்போவைப் பொறுத்தவரை, சொன்னால் சட்டவிரோத மாற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. சொல்லாவிட்டால் உண்மையை மறைத்த மாதிரி. இரண்டு பக்கமும் இடி. சொந்த சேதத்துக்கான கிளெய்ம் மறுக்கப்படும் வாய்ப்பு அதிகம்.

வேறு நாடுகளில் எப்படி?

ஜெர்மனியில் மாற்றம் செய்த காரை டியூவி போன்ற சோதனை அமைப்பிடம் கொண்டுபோய்க் காட்டி, ஒப்புதல் பெற்று, வாகன ஆவணத்தில் சேர்க்கலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மாநிலக் காற்று வள வாரியம் சோதித்து எண் கொடுத்த கிட்களை மட்டும் பொருத்தலாம். இரண்டுமே கடுமையான, செலவு பிடிக்கும் வழிகள். ஆனாலும் வழி என்று ஒன்று இருக்கிறது.

இந்தியாவில் தனிநபருக்கு அந்தக் கதவு இல்லை. இதற்கு நியாயமும் உண்டு: லட்சக்கணக்கான பட்டறைகளின் வேலையை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் கட்டமைப்பு நம்மிடம் இல்லை. கதவைத் திறந்தால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மாட்டுவார்கள் என்ற பயம் வீண் பயம் கிடையாது. இன்னொரு பக்கம், தடை இருந்தும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. யாரும் பரிசோதிக்காமல், ரகசியமாக. சிஎன்ஜி கிட்டுக்கு அங்கீகாரம், பொருத்துபவருக்கு உரிமம், ஆர்சி-யில் பதிவு என்று ஒரு முறையை உருவாக்க முடிந்த நாட்டில், இதற்கும் அப்படி ஒரு முறை சாத்தியமா என்பது விவாதிக்க வேண்டிய கேள்வி.

அப்போ ஆசைப்பட்டவர்கள் என்ன செய்வது?

சட்டப்படி இருக்கும் இடம் பந்தயத் தடம். சாலையில் ஓட்டாமல், தடத்துக்கென்றே ஒரு காரைத் தயார் செய்து, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவதுதான் அதற்கான முறை. இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிகள்படி நடக்கும் போட்டிகளில் பாதுகாப்புக் கூண்டு, தீயணைப்பான், தொழில்நுட்பச் சோதனை எல்லாம் கட்டாயம். தமிழ்நாட்டுக்கு இதில் பெரிய பாரம்பரியமே இருக்கிறது. கோவையைச் சேர்ந்த கரிவரதன், 1980-களின் இறுதியில் மாருதி 800 இன்ஜினை வைத்தே ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். அந்த ஃபார்முலா மாருதி வகைக் கார்களில் தொடங்கியவர்தான், இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 வீரர் நரேன் கார்த்திகேயன். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை தடம் இருக்கிறது.

சாலையிலேயே டர்போ வேண்டும் என்பவர்களுக்கு, பழைய டர்போ கார் ஒன்றை வாங்குவதே கணக்குப்படி லாபம். 2013-ல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2017-ல் வந்த பலேனோ ஆர்எஸ் போன்றவை கம்பெனியிலேயே டர்போவோடு வந்தவை. ஆர்சி-யும் சரியாக இருக்கும், இன்சூரன்ஸும் செல்லும், பிரேக்கும் அந்த சக்திக்கு ஏற்றதாக இருக்கும்.

கையில் இருக்கும் காரில்தான் பட்டறை வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்றாலும் வழி உண்டு. ஒரு பழைய இன்ஜினை ஸ்டாண்டில் நிறுத்தி, கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து, திறந்த மூல இசியுவில் ஓட்டிப் பழகுபவருக்குக் கிடைக்கும் அறிவும் நிஜமான டர்போ அறிவுதான். அதற்கு 5,000 ரூபாய் அபராதமும் இல்லை, எதிரே டூவீலரில் வருபவருக்கு ஆபத்தும் இல்லை.